லைசென்ஸ் பெற்ற உதவியாள்

சேரப்பணஞ்சேரி முதலிய கிராமங்களில், ஒரகடத்து மோட்டார்த் தொழிற்சாலைகள் எழும்புவதற்கு நெடுங்காலம் முன்பு, பிற தமிழ்க் கிராமங்களைப் போலவே, பல் வைத்தியம் என்பது வேலங்குச்சியில் தொடங்கி, வலி பொறுக்க முடியாதபோது நாவிதரின் குறட்டில் முடிவடைகிற காரியமாகவே இருந்தது. இன்றோ ஒரு டாக்டரும், நாற்காலி அருகே நின்று கருவி எடுத்துக் கொடுக்கும் ஓர் உதவியாளும் சேர்ந்தால் பல் கிளினிக் ஆகிவிடுகிறது. பற்காறை எடுக்கும் வேலையை டாக்டரோ, அதற்கெனப் பயின்று பதிவுபெற்ற ஹைஜீனிஸ்டோ செய்யவேண்டியிருக்க, அந்த உதவியாளே செய்துவிட்டால் என்ன என்ற கேள்வி, கூட்டம் மிகுந்த நாட்களில் எழுவது இயல்பே.

விநோதம் என்னவெனில், ஹைஜீனிஸ்ட் என்ற உத்தியோகமே ஓர் உதவியாளிடமிருந்து பிறந்தது. அமெரிக்காவில் கனெக்டிகட் மாகாணத்துப் பிரிட்ஜ்போர்ட் நகரில் பல் வைத்தியம் செய்துவந்த ஆல்ஃபிரட் ஃபோன்ஸ், சொத்தை விழுந்தபின் அடைப்பதைக் காட்டிலும் விழாமல் காப்பதே மேலென்று கருதி, தம்மிடம் உதவியாளாக இருந்த உறவுப் பெண் ஐரீன் நியூமனுக்கு 1906இல் காறை நீக்கி மெருகிடும் வித்தையைக் கற்பித்தார். 1913இல் அதற்கென ஒரு பள்ளியே தொடங்கினார். 1917இல் உலகின் முதல் ஹைஜீனிஸ்ட் லைசென்ஸ் அந்த அம்மையாருக்கே கிடைத்தது. நியூசிலாந்தோ இன்னும் துணிந்து, பள்ளிப் பிள்ளைகளின் பல்லை அடைக்கவும் பிடுங்கவுமே 1921 முதல் நர்ஸுகளைப் பயிற்றுவித்தது.

நம் தேசத்தில் 1948ஆம் வருஷத்துப் பல் வைத்தியர் சட்டம், பட்டம் இல்லாவிடினும் நெடுநாள் அத்தொழிலாலேயே ஜீவித்துவந்தவர்களைப் பதிவேட்டின் இரண்டாம் பகுதியில் தாராளமாகச் சேர்த்துக்கொண்டது. ஹைஜீனிஸ்டுக்கும் காறை எடுத்தல், சுத்தம் செய்தல், மெருகிடுதல், பல் சுகாதாரம் போதித்தல் என்று எல்லை வகுத்துத் தனிப் பதிவேட்டுக்கு வழி செய்தது. நாற்காலி அருகே நிற்கும் உதவியாளைத்தான் அது மறந்துவிட்டது.

அனுபவத்தையே தகுதியாக ஏற்ற அந்தச் சலுகையை இப்போது உதவியாளுக்கும் வழங்கலாமே என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. காறை கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நிற்பதில்லை. ஈறுக்குக் கீழே இறங்கி வேரிலும் படிகிறது. அங்கே செல்லும் கருவி இரத்தம் வரவழைக்கும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவரா, இருதய வால்வில் கோளாறு உள்ளவரா என்று முன்னதாக விசாரித்து அறியாமல் அதைக் கையிலெடுப்பது அபாயம். ஐரீன் நியூமனும் பக்கத்தில் நின்று பார்த்த பழக்கத்தால் மட்டும் லைசென்ஸ் பெறவில்லை, கற்பிக்கப்பட்டே பெற்றார். ஹைஜீனிஸ்ட் படிப்பு நம் நாட்டில் இரண்டு வருஷம். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு அதைப் படித்து முடிக்க எந்த உதவியாளுக்கு வசதியிருக்கும்? அச்செலவில் பாதியையேனும் கிளினிக் நடத்தும் டாக்டர் ஏற்கலாம். அவரிடந்தான் கூட்டம் மிகுந்திருக்கிறதே.