உப்பு முன்னே, நீர் பின்னே: நீர் மாத்திரை பிறந்த கதை

பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துத் தோல் தொழிலில் பச்சைத்தோலைக் கெடாமல் காப்பது உப்புதான். சதைப் பக்கம் மேலே தெரிய விரித்து, கல்லுப்பை அள்ளித் தூவித் தேய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். பிறகு அடுக்கின் ஓரங்களில் உப்புநீர் கசிந்து தரையில் ஓடத் தொடங்கும். தோலை யாரும் பிழியவில்லை; உப்பு இருக்கும் பக்கம் நீர் தானாக வருகிறது. கால் வீங்கியவருக்கும் மூச்சு வாங்குகிறவருக்கும் டாக்டர் எழுதித் தரும் நீர் மாத்திரை நம்பியிருப்பதும் இதே விதியைத்தான். அந்த மாத்திரை கைக்கு வந்து சேர்ந்த வழி நீளமானது.

19-ஆம் நூற்றாண்டில் இதயம் தளர்ந்து உடம்பெல்லாம் நீர் கோத்தவருக்குக் காலில் துளையிட்டு, மெல்லிய குழாய் செருகி நீரை வடித்தார்கள். புண் சீழ்பிடித்து இறந்தவர்கள் உண்டு. 1919-இல் வியன்னாவில் ஒரு திருப்பம் வந்தது. ஆல்ஃபிரட் வோகல் என்ற மருத்துவ மாணவர், சிபிலிஸ் நோயாளியான ஓர் இளம்பெண்ணுக்கு நோவாசூரால் என்ற பாதரச ஊசியைப் போட்டார். அந்த வார்டு நர்ஸ்கள் சிறுநீரின் அளவை நாள் தவறாமல் குறித்து வந்தார்கள். ஊசி போட்ட நாட்களில் அளவு கிடுகிடுவென ஏறியிருப்பதைக் குறிப்பு காட்டிக்கொடுத்தது. அதே ஊசியை இதய நோயாளிகளுக்குப் போட்டபோது லிட்டர் கணக்கில் நீர் இறங்கியது. சிபிலிஸுக்கு வந்த மருந்து, வீக்கத்துக்கு மருந்தானது. ஆனால் பாதரசம் நஞ்சு, சிறுநீரகத்தையே கெடுக்கக்கூடியது. வேறு வழி இல்லாததால் பல பத்தாண்டுகள் அதையே நம்பியிருந்தார்கள்.

அடுத்த தடயம் சல்ஃபா மருந்தில் கிடைத்தது. கிருமியைக் கொல்ல வந்த சல்ஃபனிலமைடு, சிறுநீரில் உப்பையும் வெளியேற்றியது. 1949-இல் பாஸ்டனில் வில்லியம் ஷ்வார்ட்ஸ் அதை இதய நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். வீக்கம் வடிந்தது, ஆனால் தொடர்ந்து கொடுக்க முடியாத அளவுக்குப் பக்கவிளைவு. அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தில் கார்ல் பேயர், ஜேம்ஸ் ஸ்ப்ரேக், ஜான் பேயர், ஃபிரெடெரிக் நொவெல்லோ ஆகியோர் அந்த மூலக்கூறையே மாற்றி மாற்றிச் செய்து, குளோரோதயசைடைக் கண்டார்கள். 1958-இல் கடைக்கு வந்தது. ஊசி போய் மாத்திரை ஆனது. வீக்கத்தோடு ரத்த அழுத்தமும் இறங்கியது. ஜெர்மனியின் ஹெக்ஸ்ட் நிறுவனம் உருவாக்கிய ஃபுரோசமைடு 1964-இல் வந்தது. நம் ஊரில் பலருக்கும் பழகிய லாசிக்ஸ் அதுதான்.

இவை உள்ளே செய்வது என்ன? சிறுநீரகங்கள் இரண்டும் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் 99 சதவீதம் நுண்குழாய்கள் வழியே ரத்தத்துக்கே திரும்புகிறது. ஒன்றரை லிட்டர் போலத்தான் வெளியேறுகிறது. குழாய்ச் சுவர் சோடியத்தைத் திரும்ப இழுக்க, நீரும் கூடவே போகிறது. மருந்து நீரைத் தொடுவதே இல்லை. உப்பு திரும்பும் கதவை அடைக்கிறது, அவ்வளவுதான். குழாயின் வளைந்த பகுதியில் சோடியத்தில் கால் பங்கு திரும்புகிறது; ஃபுரோசமைடு அடைப்பது அங்கே, அதனால்தான் அதற்கு அத்தனை வேகம். அதற்கு அடுத்த பகுதியில் 5 சதவீதம் போலத் திரும்புகிறது. குளோரோதயசைடு போன்ற தயசைடுகள் அங்கே மென்மையாக வேலை செய்யும்.

ரத்தத்தில் உப்பும் நீரும் குறையக் குறைய, கால் சதையிலும் நுரையீரலிலும் தேங்கிய நீர் ரத்தக் குழாய்க்குள் திரும்பி வருகிறது. வீக்கம் வடிகிறது, மூச்சு இளகுகிறது. ஆனால் சோடியத்தோடு பொட்டாசியமும் போய்விடும். கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், உடம்பு தளரும். மிகக் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். சிலருக்கு யூரிக் அமிலம் ஏறிக் கால் பெருவிரல் மூட்டு வீங்கும். இடையிடையே ரத்தப் பரிசோதனை எழுதித் தருவது இதற்காகத்தான்.

1900-இல் ஐடா ஸ்கடர் ஒரே படுக்கையோடு தொடங்கிய வேலூர் சி.எம்.சி.யில் 1971-இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை நடந்தது. சிறுநீரக நோயோடு இந்த வட்டாரம் தேடிப் போகும் மருத்துவமனை அது. அந்த நோயாளிகளுக்கு ஒரு விஷயம் முக்கியம்: ஃபுரோசமைடு நுண்குழாய்க்குள் போய்ச் சேர்ந்தால்தான் வேலை செய்யும். சிறுநீரகம் பழுதானால் உள்ளே போகும் மருந்து குறையும். அதனால் டாக்டர் அளவைக் கூட்ட வேண்டிவரும். பக்கத்து வீட்டுக்காரர் போடும் அளவை நாம் போடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

மாத்திரை உப்பை வெளியேற்ற, தட்டில் கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் அதைத் திரும்பக் கொண்டுவந்தால் வீக்கம் எப்படிப் போகும்? தினமும் காலையில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். ஓரிரு நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். உடனே டாக்டரைப் பாருங்கள். காலணித் தொழிற்சாலைக்கு ஷிப்ட் போகும் பெண்களே, அடிக்கடி எழுந்து போக வேண்டுமே என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். லாசிக்ஸின் வேகம் ஆறு மணி நேரம் போலத்தான். வேலை நேரத்தைச் சொன்னால், எப்போது போடலாம் என்று டாக்டர் மாற்றித் தருவார். கூச்சப்படாமல் கேளுங்கள்.