பாலிமர் களிமண் நகை
பாலிவினைல் குளோரைடு பிசினோடு நெகிழியாக்கியும் நிறமியும் சேர்ந்த செயற்கைக் களியைக் கையால் வனைந்து, அடுப்பு வெப்பத்தில் இறுகச்செய்யும் அணிகலன் பாலிமர் களிமண் நகை ஆகும். பெயர்தான் களிமண், சுடுமண் நகையிலிருந்து இது வேறு.

காற்றில் உலராத இக்களி, தயாரிப்பைப் பொறுத்து 110 முதல் 135 பாகை செல்சியசில் இறுகும். சூடு போதாவிட்டால் நகை முறியும். மிகுந்தால் கருகி நச்சுப்புகை விடும்.

ஜெர்மானியப் பொம்மைக் கலைஞர் கேத்தே குரூசேயின் மகள், 'ஃபிஃபி' எனப்பட்ட சோஃபி, செய்துவந்த களியே 1960களில் எபர்ஹார்டு ஃபாபர் நிறுவனத்தின்வழி 'ஃபிமோ' ஆகச் சந்தைக்கு வந்தது.

தலையாய உத்தி, வெனிசியக் கண்ணாடித் தொழிலிலிருந்து வந்த மில்லிஃபியோரி. பல நிறக் குச்சிகளைப் பூ வடிவில் அடுக்கித் தடித்த உருளையாக்குவர். உருட்டி நீட்ட நீட்ட உள்ளிருக்கும் பூவும் சிறுக்கும். மெல்லிய தகட்டால் சீவும் ஒவ்வொரு வில்லையிலும் அதே பூ இருக்கும். உருளையைக் குளிரவைத்துச் சீவினால் பூ நசுங்காது.

மாதக் கருப்பொருள் நகைகளுக்கு, அமெரிக்க நகை வணிகர்கள் 1912இல் வகுத்த பிறப்புக்கல் பட்டியல் வசதியான அடிப்படை: ஜனவரிக்குக் கார்னெட், மே மாதத்துக்கு மரகதம். ஒளி கசியும் களியில் நிறம் கடுகளவு கலந்தாலே கல்லின் சாயல் கிடைக்கும். அக்டோபரின் ஓப்பல் சற்றுக் கடினம். அதற்குப் பலநிறம் மின்னும் தாள்துணுக்குகளைக் களிக்குள் புதைப்பர். அதே மாதத்துக்கு ஹாலோவீன் பூசணிக்காய்த் தோடுகளும் செய்யப்படுகின்றன.