பாம்புக்கடி ஊசிக்கு விஷம் எங்கிருந்து வருது? மாமல்லபுரம் பக்கத்துல இருக்கும் இருளர் சங்கத்தின் கதை

ஆய்வகத்துக்கு அமிலமோ உப்போ வேணும்னா ஆர்டர் போட்டா போதும், பாட்டிலில் வந்துடும். பாம்பு விஷம் அப்படி இல்லை. உயிரோட இருக்கும் பாம்பிடமிருந்துதான் எடுக்கணும். இந்தியாவில் பாம்புக்கடி முறிவு மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்கு பல ஆண்டுகளாக விஷத்தின் பெரும்பகுதி போவது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவு சங்கத்திலிருந்துதான்.

மருந்து செய்ய விஷம் எதுக்கு?

விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக குதிரைக்குச் செலுத்துவாங்க. குதிரையின் உடல் அதை எதிர்க்கும் புரதங்களை உருவாக்கும். ரத்தத்திலிருந்து அந்தப் புரதங்களைப் பிரித்தெடுத்தால் முறிவு மருந்து ரெடி. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே மருந்துதான்.

ஒரு கணக்கு பார்க்கலாம். கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் விஷத்தை இறக்கும்னு மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. 10 மில்லி மருந்துக் குப்பி ஒன்று அதில் 6 மில்லிகிராமை முறிக்கும். ஜி.எச்.சில் ஆரம்பத்திலேயே 8 முதல் 10 குப்பி வரை ஏற்றுவது இதனால்தான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்கிறது 2020இல் வெளியான ஓர் ஆய்வு. ஆண்டுக்கு சராசரியாக 58,000 பேர்.

தோலில் இருந்து விஷத்துக்கு

செங்கல்பட்டு வட்டார இருளர்கள் ஒரு காலத்தில் பாம்புத் தோலுக்காக பாம்பு பிடித்து விற்றவர்கள். 1972இல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976இல் தோல் ஏற்றுமதிக்கும் தடை. பிழைப்பே போச்சு. ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேகர் துணையோடு 1978இல் இந்தச் சங்கம் பதிவானது. அதே கைத்திறன்தான், ஆனா இப்போ பாம்பைக் கொல்ல வேண்டியதில்லை.

வனத்துறை எத்தனை பாம்பு பிடிக்கலாம்னு அனுமதி கொடுத்த பிறகே உறுப்பினர்கள் வயல் வரப்பு, புதர்னு தேடிப் போவாங்க. தடம், உரித்த சட்டை, வளை வாயின் வழவழப்பு, இதையெல்லாம் வைத்தே உள்ளே என்ன இருக்குனு சொல்லிடுவாங்க. பிடிபட்ட பாம்பை மண்பானையில் வைத்து, வாயைத் துணியால் கட்டி வைப்பது வழக்கம். சுமார் மூன்று வாரம், வாரம் ஒருமுறை விஷம் எடுப்பாங்க. மெல்லிய படலம் கட்டிய கண்ணாடிக் குடுவையைக் கடிக்க வைத்தால் விஷம் உள்ளே சொட்டும். பிறகு வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு காட்டில் விட்டுடுவாங்க. அதே பாம்பு சீக்கிரமே மறுபடி சிக்கினா, அடையாளம் காட்டிக் கொடுத்துடும்.

திரவமாக வைத்தால் விஷம் வீரியம் இழக்கும். அதனால் உறைய வைத்து, ஈரத்தை நீக்கி, தூளாக்கி விற்கிறார்கள். சுருட்டை விரியன் சின்னப் பாம்பு. ஒரு கிராம் தூள் சேர்வதற்கே பல பத்து பாம்புகள் வேணும்.

இந்தத் திறமைக்கு மதிப்பு இல்லாமல் இல்லை. சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய் அங்கே பெருகிக் கிடந்த மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

மருந்துக்கு மட்டும்தானா?

இல்லை. ரத்தம் உறைவதில் கோளாறு இருக்கானு பார்க்கும் ஒரு பரிசோதனைக்கு, நீர்த்த கண்ணாடி விரியன் விஷம்தான் உலகம் முழுக்க ரீஏஜென்ட். சுருட்டை விரியன் இனத்தின் விஷத்தில் இருக்கும் எகாரின் என்ற நொதியும் ரத்த ஆய்வகங்களில் பயன்படுது. மாரடைப்பு சிகிச்சையில் கொடுக்கும் டைரோஃபைபான் மருந்தின் வடிவமே இந்த இனத்தின் விஷப் புரதம் ஒன்றைப் பார்த்து உருவானதுதான்.

அப்போ சிக்கல் என்ன?

ஒரே வட்டாரத்தை நம்பியிருப்பதுதான். ஒரே இனப் பாம்பாக இருந்தாலும் ஊருக்கு ஊர் விஷத்தின் கலவை மாறும். தமிழ்நாட்டுப் பாம்புகளின் விஷத்தால் செய்த மருந்து, நாட்டின் வேறு சில பகுதிப் பாம்புகளிடம் போதிய அளவு வேலை செய்யவில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் சுனகர் குழுவின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் பல மாநிலங்களிலிருந்தும் விஷம் சேகரிக்கணும் என்பது விஞ்ஞானிகளின் கோரிக்கை.

இன்னொரு நெருக்கடியும் இருக்கு. காட்டிலிருந்து பிடித்து, விஷம் எடுத்து, திரும்ப விடும் முறையைவிட, பூர்வீகம் தெரிந்த பாம்புகளைப் பராமரிப்பில் வைத்தே விஷம் எடுப்பதைத்தான் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. வடநெம்மேலியில் நடப்பதோ முதல் முறை. பராமரிப்பு மையங்கள் வந்தாலும் அவற்றுக்கான பாம்பை யாராவது பிடித்துத்தான் ஆகணும். ஆனால் ஆண்டுதோறும் பிடிக்கும் எண்ணிக்கைக்கு ஏற்ப கூலி பெறும் இருளர் குடும்பங்களுக்கு அந்த மாற்றத்தில் என்ன இடம் என்பதுதான் கேள்வி. இப்போதைக்கு வனத்துறை அனுமதி தாமதமானால், அந்த சீசன் வருமானமும் தள்ளிப் போகும்.