குகைச் சிலந்திக்கு ஒரு பெயர்

2012 ஓகஸ்ட் மாதக் கடைசியில், அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்ரோனியோ நகரின் ஓரத்தில் நடந்துகொண்டிருந்த பெருந்தெரு வேலையொன்று ஒரு சிலந்தியால் நின்றுபோனது. இரண்டு பெருந்தெருக்கள் சந்திக்கும் இடத்தில் சுமார் 15 மில்லியன் டொலர் செலவில் கீழ்வழிப் பாதை அமைத்துக்கொண்டிருந்தார்கள். மழையில் மண் கரைந்து, ஆறடி ஆழமான குழியொன்று திறந்துகொண்டது. அதற்குள் கண்களே இல்லாத, வெளிறிய சிறு சிலந்தியொன்று இருந்தது. பிறகு கீழ்வழித் திட்டமே கைவிடப்பட்டு மேம்பாலமாக மாறியது.

ஒரு பூச்சிக்காகவா இவ்வளவும் என்று நாமும்தான் கேட்டோம். (சிலந்தி பூச்சி வகையைச் சேர்ந்ததல்ல, பூச்சிக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு. ஆனாலும் வாய் அப்படித்தான் சொல்லிப் பழகிவிட்டது.) விடை எளிது. அந்தச் சிலந்திக்கு 'சிக்குரினா வெனி' என்று பெயர் இருந்தது. அந்தப் பெயர் அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் சட்டப் பட்டியலில் இருந்தது. பட்டியலில் இல்லாதிருந்தால் அதைக் காப்பாற்ற அந்தச் சட்டத்தில் இடமில்லை. கோவை இலக்கம் கிடைக்கும்வரை அலுவலகக் கண்ணாடிக்கு வெளியே நின்ற எமக்கு இது புரியாத விசயமல்ல.

சான் அன்ரோனியோவைச் சுற்றியுள்ள நிலம் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்துக் குகைகளையும் வெடிப்புகளையும் உண்டாக்குகிறது. நகரத்தின் குடிநீரும் பெரும்பாலும் இந்தக் கல்லுக்குள்ளிருந்துதான் வருகிறது. இருட்டுக்குள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த உயிர்களுக்குக் கண்ணும் நிறமும் போய்விடுகின்றன. பலவற்றுக்குக் கால்கள் மெலிந்து நீள்கின்றன. ஒரு குகைக்கும் அடுத்த குகைக்கும் இடையில் அவை போய்வருவது அரிது.

வகைப்படுத்துவோருக்கு இங்கேதான் தலையிடி தொடங்குகிறது. இருட்டு எல்லாரையும் ஒரே அச்சில் வார்த்துவிடுவதால், உறவே இல்லாத இரண்டு சிலந்திகள் பார்வைக்கு உடன்பிறப்புகள் போலிருக்கும். ஹவாயின் கவாய் தீவில், எரிமலைக் குழம்பு இறுகி உண்டான குகைகளில் வாழும் சிலந்தியொன்றுக்கு 1973இல் வில்லிஸ் கேர்ட்ச் பெயரிட்டார். அதற்குக் கண்ணே இல்லை. ஆனால் அது ஓநாய்ச் சிலந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரிய கண்களுக்கும் கூர்மையான பார்வைக்கும் பெயர்போன குடும்பம் அது! உடலின் மற்ற அடையாளங்கள்தான் அதன் சொந்தங்களைக் காட்டிக்கொடுத்தன.

இனத்தைப் பிரித்தறியச் சிலந்தி அறிஞர்கள் முக்கியமாகப் பார்ப்பது இனப்பெருக்க உறுப்புகளை. ஆணுக்கு அது முகத்தருகே உள்ள குட்டைக்கால் போன்ற உணர்கொம்பின் நுனியில் இருக்கிறது. பெண்ணுக்கு வயிற்றின் அடிப்புறத்தில். பூட்டும் திறப்பும் போல இனத்துக்கினம் இவற்றின் வடிவம் மாறும். நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, பல வேளைகளில் பிரித்தெடுத்துத்தான் பார்க்கவேண்டும். அதாவது சிலந்தி உயிரோடு இருக்காது. ரெக்சாஸ் குழியில் பிடிபட்டதையும் அப்படித்தான் உறுதிசெய்தார்கள்.

இன்னொரு சிக்கல், வளர்ந்த சிலந்தியாக இருக்கவேண்டும் என்பது. குகையில் அகப்படுபவை பெரும்பாலும் குஞ்சுகள். அவற்றில் இந்த உறுப்பு முற்றியிருக்காது. 2004இல் பாக்கன், ஹெடின் என்ற இரு ஆய்வாளர்கள், இந்தக் கண்ணில்லாச் சிக்குரினாக் குஞ்சுகளின் மரபணுவை வளர்ந்தவற்றினுடையதோடு ஒப்பிட்டு இனம் காணும் வழியை எழுதினார்கள். அதே கட்டுரையில் எச்சரிக்கையும் உண்டு. பிரிந்து கிடக்கும் ஒவ்வொரு குகையிலும் மரபணு கொஞ்சம் வேறுபடத்தான் செய்யும். அதை மட்டும் வைத்துக்கொண்டு குகைக்கு ஓர் இனம் என்று எண்ணிவிடக் கூடாது.

வேறுபாடு உறுதியானால் விபரிப்பை வெளியிடவேண்டும். எந்த மாதிரியை வைத்துப் பெயர் சூட்டப்பட்டதோ, அந்த ஒரு சிலந்தி வழக்கமாக அற்ககோல் குப்பியில் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படும். பிற்காலத்தில் சந்தேகம் வந்தால் அதையே எடுத்துப் பார்ப்பார்கள். எமது தொழிலில் மூலப் பற்றுச்சீட்டு மாதிரி. இன்று உலகில் பெயர் பெற்ற சிலந்தி இனங்கள் ஐம்பதாயிரத்துக்கு மேல். சுவிற்சர்லாந்தின் பேர்ண் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அந்தப் பேரேட்டைப் பராமரிக்கிறது. குகைச் சிலந்திகளின் பதிவு அதில் பழையது. சுலோவேனியாவின் போஸ்ரொய்னா குகைகளிலிருந்து வந்த கண்ணில்லாச் சிலந்தியொன்றை டென்மார்க்கின் ஷியோட்டே 1847இலேயே விபரித்துவிட்டார்.

சில வேளை கண்டுபிடிப்பு விரைவாகவும் நடக்கும். 2010இல் ஒரேகன் மாநிலத்துக் குகைகளில் இறங்கிய குகை ஆர்வலர்கள், காலின் நுனியில் அரிவாள் போன்ற நகங்கொண்ட சிலந்தியைப் பிடித்துக் கலிபோர்னிய விஞ்ஞானக் கழகத்துக்கு அனுப்பினார்கள். இருந்த எந்தக் குடும்பத்திலும் அது அடங்கவில்லை. 2012இல் 'ட்ரொக்லொராப்ரர்' என்று பெயரிட்டு, அதற்கெனப் புதிய குடும்பத்தையே உண்டாக்கினார்கள். இனப்பெயர், அதைச் சேகரித்தவர்களில் ஒருவரான நீல் மார்ச்சிங்ரன் என்ற காவல்துறை அதிகாரியின் நினைவாக வைக்கப்பட்டது. இரண்டு வருடத்தில் எல்லாம் முடிந்தது.

சிக்குரினா வெனிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. குகை ஆய்வாளர் ஜோர்ஜ் வெனி அதன் ஒரேயொரு மாதிரியை 1980இல் பிராக்கன் வௌவால் குகையில் எடுத்தார். கேர்ட்ச் அதை விபரித்து வெனியின் பெயரைச் சூட்டியது 1992இல். சட்டப் பட்டியலில் அது ஏறியது 2000 டிசெம்பரில். அதே மாவட்டத்தின் வேறு நான்கு சிலந்திகளும் மூன்று வண்டுகளும் சிலந்திக்கு உறவான நெடுங்காலி ஒன்றும் அதோடு சேர்ந்தே ஏறின. கழித்துப் பார்த்தால், பிடிபட்டதிலிருந்து பாதுகாப்புக் கிடைக்க 20 வருடம். பிறகு அது கண்ணில் பட, அந்த வீதி ஓரத்துக் குழி திறக்கவேண்டியிருந்தது.

பிராக்கன் குகையின் வாசல் 1990இல், அந்த இடத்தில் வீடு கட்டும்போது நிரப்பி மூடப்பட்டது. அப்போது அந்தச் சிலந்தி இன்னும் பெயரில்லாமல் குப்பிக்குள் கிடந்தது.