பழகுநரும் பில்லும்: கட்டுமானக் களப்பயிற்சியில் ஒப்பந்த நிபந்தனைகளின் பங்கு

கட்டுமானப் பொறியியல் மாணவரின் களப்பயிற்சியில் தொழில்துறை அக்கறை காட்டுவதில்லை. பாடத்திட்டம் களத்தோடு ஒட்டாததே அதற்குக் காரணம். இத்துறை ஆய்வுகளில் வேரூன்றிய இந்தக் கருத்தை இக்கட்டுரை மறுக்கிறது. ஒப்பந்ததாரரின் அக்கறை எங்கே செல்லும் என்பதை அவர் கையெழுத்திடும் ஆவணமே பெரிதும் தீர்மானிக்கிறது. மத்தியப் பொதுப்பணித் துறையின் பொது ஒப்பந்த நிபந்தனைகளில் இரண்டு கூறுகளைச் சேர்த்துப் படித்தால் இது விளங்கும்.

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தை ஒப்பந்ததாரர் பின்பற்ற வேண்டும் என்கிறது 44ஆம் கூறு. பட்டம் பெற்றவர் மட்டுமல்ல, பட்டத்துக்காகப் பயில்பவரும் அச்சட்டப்படி பழகுநராகலாம். மீறினால் பொறியாளர் தம் விருப்புரிமைப்படி ஒப்பந்தத்தையே ரத்துசெய்யலாம். தொழில்துறையை இறுக்கிப் பிடிக்கும் விதி என்று இதைக் கொள்வோர் உண்டு.

நான் நேர்மாறாக வாசிக்கிறேன். அடித்தளம் முடிந்து தூண்கள் எழும்பிய கட்டத்தில், பழகுநர் இருவரைச் சேர்க்கவில்லை என்பதற்காக வேலையை நிறுத்தி மறு டெண்டர் கோர எந்தப் பொறியாளர் முன்வருவார்? தாமதமும் விலையேற்றமும் துறையின் தலையிலேயே விழும். சட்டமீறலால் எழும் பணப்பொறுப்பு ஒப்பந்ததாரருடையது என்றும் அக்கூறு சொல்கிறது. ஆனால் மாத பில்லில் பிடிக்கத்தக்க தொகை எதையும் அது குறிப்பதில்லை. உச்சத் தண்டனை மட்டும் கையிலிருந்தால் சிறு தவறுகள் தண்டனையின்றியே போகும்.

36ஆம் கூறு வேறு வகை. பணியிடத்தில் இருக்கவேண்டிய தொழில்நுட்பப் பணியாளரின் தகுதி, அனுபவம், எண்ணிக்கை, வைக்காவிட்டால் பிடிக்கவேண்டிய தொகை எல்லாம் ‘எஃப்’ அட்டவணையில் பணிவாரியாக எழுதப்படுகின்றன. டெண்டருக்கு விலை போடும்போதே ஒப்பந்ததாரர் அச்செலவைக் கணக்கில் சேர்த்துவிடலாம். பழகுநருக்கு அந்த அட்டவணையில் இடமில்லை. அக்கறையின்மை என்று நாம் பெயரிட்டதில் பெரும்பங்கு இந்த வெற்றிடமே.

2019ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் திருத்த விதிகளும் இதை நிரப்பவில்லை. 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் கொண்ட நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநரைச் சேர்க்க வேண்டும் என்கின்றன அவை. அளவுகோல் நிறுவனம்; பணியிடம் அல்ல. தலைமை அலுவலகத்திலேயே ஒதுக்கீட்டை நிறைத்துவிட முடியும்.

வாசகத்தைக் கொண்டு நடைமுறை முழுவதையும் ஊகிக்க முடியாது. தனியார் திட்டங்கள் இந்த நிபந்தனைகளுக்கு வெளியே நிற்பவை. ஆயினும் இரு கூறுகளுக்கும் இடையிலான வேறுபாடு தற்செயலானது என்று கொள்வது கடினம். பழகுநருக்கும் பிடித்தம் விதித்தால் அதற்கு அஞ்சி ஏட்டில் மட்டும் பெயர் சேர்ப்பார்கள் என்ற வாதம் நிற்காது: பொறியாளர் விஷயத்திலும் அந்த ஏமாற்றுக்கு இடமுண்டு, அதற்காக 36ஆம் கூறைக் கைவிடச் சொல்வார் இல்லை. பணியிடத்தில் பழகுநர் விபத்துக்குள்ளாவார் என்ற அச்சத்துக்குத் தொழிற்பழகுநர் சட்டத்தின் 16ஆம் பிரிவே இழப்பீட்டு வழி வகுத்துள்ளது.

ஆகவே ‘எஃப்’ அட்டவணையில் பழகுநருக்கும் எண்ணிக்கை, பயிற்சிக்காலம், பிடித்தத் தொகை ஆகியவை குறிக்கப்பட வேண்டும். கம்பி கட்டைச் சரிபார்ப்பதையும் அளவுப் புத்தகம் எழுதுவதையும் மாணவர் கற்குமிடம் பணியிடமே. புரிந்துணர்வு ஒப்பந்தங்களுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கைப் பல்கலைக்கழகங்கள் டெண்டர் ஆவணத்தைத் திருத்தச் செய்வதில் செலவிட வேண்டும்.