ஒற்றையா, இரட்டையா?

சின்ன காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வரதராஜர் கோயிலில் தொடங்கிப் பட்டுத் தறியில் முடிப்பது வழக்கம். நானும் அந்த இரண்டையும் விடப் போவதில்லை. ஆனால் நான் இங்கே சொல்ல விரும்புவது வேறொரு கதை. கையில் இருக்கும் பொருள் தொலைந்துவிடாமல் காக்க மனிதர்கள் கண்ட உபாயங்களின் கதை அது.

1688ஆம் ஆண்டு ஔரங்கசீப்பின் படை வருகிறது என்ற பீதி காஞ்சியைப் பிடித்தது. மூலவரை அசைக்க முடியாது. உற்சவரைத் தூக்கிச் செல்லலாம். வரதராஜரின் உற்சவமூர்த்தி ரகசியமாக ஊரை விட்டுப் புறப்பட்டு உடையார்பாளையத்துக் காட்டுப் பகுதியில் அடைக்கலம் புகுந்தது. ஆபத்து நீங்கிய பிறகு அங்கிருந்த பாளையக்காரருக்குப் பெருமாளைத் திருப்பித் தர மனம் வரவில்லை. ஆத்தான் ஜீயரின் வேண்டுகோளை ஏற்று, தோடர்மால் என்ற தலைவர் படையோடு சென்று மீட்டு வந்தார். பெருமாள் ஊர் திரும்பியது 1710இல். அந்தச் செய்தியைச் சொல்லும் கல்வெட்டு கோயிலிலேயே இருக்கிறது. ஆண்டுதோறும் உடையார்பாளைய உற்சவமும் நடக்கிறது. பெரிய காஞ்சியிலிருந்து இதே போலப் புறப்பட்ட காமாட்சியின் பொன் விக்கிரகமோ திரும்பவே இல்லை. பங்காரு காமாட்சி என்ற பெயரோடு தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டாள்.

இருபத்திரண்டு வருஷம் ஓர் இடம் காலியாக இருந்தது. அது காலியாக இருக்கிறது என்பதை ஊர் ஒரு நாளும் மறக்கவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விக்கிரகத்தை ஒளித்து வைக்கலாம். சொல்லை எங்கே ஒளிப்பது? வேதம் ஓதியவர்கள் அதற்கு ஒரு வழி கண்டார்கள். சொற்களை நேராக மட்டும் சொல்வதில்லை. முதலும் இரண்டும், இரண்டும் மூன்றும், மூன்றும் நான்கும் என்று கோத்துச் சொல்வது கிரமம். ஒன்று இரண்டு, இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு என்று முன்னும் பின்னும் பின்னுவது ஜடை. அதையும் தாண்டி, மூன்று மூன்று சொற்களாக மடக்கி மடக்கிச் சொல்வது கனம். ஒரு சொல் நழுவினால் அதன் பக்கத்துச் சொற்களே காட்டிக்கொடுத்துவிடும். இது வெறும் பிரதி எடுப்பதல்ல. ஒவ்வொரு சொல்லையும் அண்டைச் சொல்லுக்கு ஜாமீனாக நிறுத்தும் ஏற்பாடு.

இதே புத்தி இருபதாம் நூற்றாண்டில் வேறு வேஷத்தில் வந்தது. அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஹாமிங், இயந்திரம் தன் பிழையைத் தானே கண்டு திருத்திக்கொள்ளும் கணக்கை 1950இல் வெளியிட்டார். 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர், விலை மலிவான பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று கெட்டாலும் சரக்குக் கெடாதபடி வைப்பது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். ‘ரெய்டு’ என்ற பெயர் அப்போது வைத்ததுதான்.

அந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. புளியங்கொட்டையை உள்ளங்கையில் மூடிக்கொண்டு ‘ஒத்தையா, ரெட்டையா?’ என்று கேட்கும் விளையாட்டுத்தான். கம்ப்யூட்டர் எதையும் ஒன்று, பூஜ்யம் என்றே எழுதுகிறது. மூன்று டிஸ்குகளில் 1, 0, 1 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றுகள் இரண்டு, இரட்டை. ஆகவே நான்காவதில் 0 என்று எழுதுகிறோம். ஒற்றையாக இருந்திருந்தால் 1 எழுதி மொத்தத்தை இரட்டையாக்கியிருப்போம். இப்போது நடு டிஸ்க் செத்துவிட்டது. மிச்சம் 1, 1, 0. மொத்தம் இரட்டையாக வேண்டுமானால் போனது 0தான். இருப்பதைக் கொண்டே இறந்ததைச் சொல்லிவிடலாம்! முழுப் பிரதி எடுத்தால் மூன்று டிஸ்க் சரக்குக்கு ஆறு வேண்டும். இந்தக் கணக்குக்கு நான்கு போதும்.

சின்ன காஞ்சிபுரத்தில் சேலைக்கு டிசைன் போடும் ஓர் இளைஞரின் அறையில் இதை நான் நேரில் பார்த்தேன். பிரான்ஸின் லியோன் நகரத்து ஜாக்கார்டு 1804இல் அமைத்த தறியில், துளையிட்ட அட்டைகள்தாம் எந்த இழை மேலே எழ வேண்டும் என்று உத்தரவிடும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. யாளியும் மயில் சக்கரமும் அட்டைக் கட்டுகளாகப் பரணில் கிடந்த காலம் உண்டு. கரையானும் எலியும் தின்றவை போக எஞ்சியதை இவர் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறார்.

“நாலு டிஸ்க் சார். மூணு டிஸ்க் அளவுக்குச் சரக்கு, ஒரு டிஸ்க் அளவுக்குக் கணக்கு. கணக்கை ஒரே இடத்துல வைக்கிறதில்லை, நாலுலயும் பரப்பி வச்சிருக்கு” என்றார்.

திரையில் படமோ பொத்தானோ இல்லை. கறுப்புப் பலகையில் எழுதுவது போலக் கட்டளையைத் தட்டினார். லினக்ஸில் இதற்கு ‘எம்டி ஆட்ம்’ என்று ஒரு நிரல். ஆஸ்திரேலியரான நீல் பிரவுன் எழுதியது. டிஸ்குகளைக் கூட்டுச் சேர்ப்பதும், கெட்டதை விலக்குவதும், புதியதை அமர்த்துவதும் ஒவ்வொரு வரிதான். நிலைமையைக் கேட்டால் அடைப்புக்குறிக்குள் நான்கு ‘யு’ எழுத்துகள் நிற்கும். ஒரு டிஸ்க் போய்விட்டால் அந்த எழுத்து மறைந்து அங்கே ஓர் அடிக்கோடு மட்டும் தெரியும். காலி ஆசனம்!

விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஒரு டிஸ்க் போனாலும் கம்ப்யூட்டர் நிற்பதில்லை. யாளி வருகிறது, மயில் வருகிறது. கொஞ்சம் மெதுவாக வரும், அவ்வளவுதான். பார்க்காதவனுக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். ஆனால் அந்த நிலையில் இரண்டாவது டிஸ்க் போனால் எந்தக் கணக்கும் உதவாது, எல்லாம் போயிற்று. புதிய டிஸ்கைப் போட்டு இழந்ததை மீண்டும் எழுதும்போது, மிச்சமுள்ள மூன்றையும் அடிமுதல் நுனிவரை வாசித்தாக வேண்டும். வயதான டிஸ்குகளுக்கு அதுவே பெரிய சோதனை. தவிர, நீங்களே தவறாக அழித்ததை இந்தக் கணக்கு மீட்டுத் தராது. அழித்ததையும் அது விசுவாசமாகப் பதிவு செய்துகொள்ளும். ஆகவே வேறு ஊரில் ஒரு தனிப் பிரதி எப்போதும் வேண்டும். உற்சவர் உடையார்பாளையம் போனது அதற்காகத்தானே!

பயணம் முடிந்து திரும்பும்போது எனக்குத் தறிக்காரர்களின் நினைவாகவே இருந்தது. கோர்வைச் சேலை நெய்ய மூன்று நாடாக்கள் வேண்டும். இரண்டு பேர் உட்கார வேண்டும். தகப்பன் நெய்ய, மகன் கரை நாடாவை வாங்கிக் கொடுத்துப் பழகியதுதான் இந்தத் தொழிலின் பள்ளிக்கூடம். இன்று மகன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலைக்குப் போகிறான். அவன் போவதைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை? மாதம் தவறாமல் சம்பளம் வருகிறது. அந்த இடத்தில் தாய் உட்காருகிறாள். சேலை வருகிறது, கடையில் விளக்கு எரிகிறது, முகூர்த்தக் கூட்டம் நெரிகிறது. ஊர் பழையபடியே நடப்பதாகத் தோன்றுகிறது.

டிசைன் டிஸ்கில் பத்திரமாக இருக்கும். கோர்வை வாங்கும் கை எந்த டிஸ்கிலும் இல்லை. அது அடுத்த ஆளின் கையில்தான் பிரதியாகும். தெருத் தெருவாக எத்தனை ஆசனம் காலியாகிவிட்டது என்று யாராவது எண்ணிக்கொண்டிருக்கிறார்களா? எண்ணுகிறவர் இருக்கும்வரை மீட்க வழி உண்டு. 1710இல் அது நடந்திருக்கிறது.