பிராகுயியில் இல்லாத கடன்சொற்கள்

பலூசிஸ்தானில் வழங்கும் திராவிட மொழியான பிராகுயி அம்மண்ணின் பூர்விக மொழி அன்று. கிழக்கிந்தியாவின் குரூக், மால்தோ மொழிகளை ஒட்டி வாழ்ந்தோர் சுமார் 1000 ஆண்டுகளுக்குள் மேற்கே பெயர்ந்தபோது கொண்டுசென்றது. இக்கருத்து இன்று பலரால் முடிந்த முடிபாகவே எடுத்தாளப்படுகிறது. அதன் முதன்மைச் சான்று ஓர் இன்மை. பிராகுயியில் உள்ள ஈரானியக் கடன்களில் பெரும்பகுதி பலூச்சி வழி வந்தவை. பழைய ஈரானிய மொழியான அவெஸ்தாவின் காலத்து அடுக்கு இல்லை. எனவே பலூச்சிக்கு முன் பிராகுயி அங்கே இல்லை என்கிறார்கள்.

டெனிஸ் பிரே 1934இல் வெளியிட்ட பிராகுயிச் சொற்பிறப்புத் தொகுதியை வைத்துக்கொண்டு இம்முடிவுக்கு வருவது எளிதன்று என்றே எனக்குப் படுகிறது. அதில் கண்ணில் படுவது அரிமானம். திராவிடச் சொற்கள் ஏறத்தாழ 15 விழுக்காடுதான். எண்ணுப்பெயர்களில் அசிட், இரட், முசிட் என மூன்றே தப்பின. நான்கு முதல் சார், பஞ்ச் என்று அயல்மொழி புகுந்துவிடுகிறது. தன் சொந்த நான்கையும் ஐந்தையும் பறிகொடுத்த மொழி, என்றோ வாங்கிய கடனை மட்டும் பத்திரப்படுத்தியிருக்க வேண்டுமா? மேலும், கடன் இல்லை என்பது சான்றாக வேண்டுமானால், கொடுத்திருக்கக்கூடிய மொழி பக்கத்தில் இருந்ததென்று முதலில் காட்ட வேண்டும். அவெஸ்தா மொழி, பிராகுயி வழங்கும் கலாத் மேட்டுநிலத்தில் வழங்கியதாக எவரும் நிறுவவில்லை. பலூச்சியே மேற்கிலிருந்து வந்த மொழி.

அடுத்து, குரூக், மால்தோவுடனான நெருங்கிய உறவுக்குச் சான்றாகக் காட்டப்படும் ஒலிமாற்றங்கள். ‘வாய்’ பிராகுயியில் ‘பா’, குரூக்கில் ‘பை’. வகரம் பகரமாவதை இரண்டுக்கும் பொதுவான பிறப்படையாளம் என்பர். ஆனால் குரூக்கைச் சூழ்ந்த மகஹியும் வங்காளமும் ‘வனம்’ என்பதை ‘பன்’, ‘பொன்’ என்றே ஒலிக்கின்றன. மேற்கிலோ நடுப்பாரசீக ‘வாத்’ (காற்று) பிற்காலத்தில் ‘பாத்’ ஆனது. இரு முனையிலும் அண்டை மொழிகளே இப்படி மாறியிருக்க, உறவுக்கு இதைச் சாட்சி சொல்ல அழைப்பது பொருந்தாது. ‘கண்’ என்பதன் ககரம் பிராகுயியிலும் குரூக்கிலும் உரசொலியாவது இன்னும் கவனத்துக்குரியதுதான். எனினும் மால்தோவில் அவ்விடத்தில் நிற்பது உள்நாக்கு வெடிப்பொலி. மூன்றுக்கும் பொதுவான ஒரு கட்டத்தை ஊகிக்கலாம், காட்ட முடியவில்லை.

பிராகுயி மக்களின் மரபணு பலூச்சியரின் மரபணுவைப் போன்றது என்று பெயர்ச்சிக் கொள்கைக்கு எதிராகச் சொல்லப்படும் மறுப்பும் இங்கே பயன்படாது. கலப்பு மணத்தாலும் அந்த ஒப்புமை நேர்ந்திருக்கலாம். மொழி எப்போது வந்தது என்பதை அது காட்டவில்லை.

இதனால் பிராகுயியைப் பலூசிஸ்தானின் புதிய கற்காலக் குடியிருப்பான மெஹர்கர் வரை கொண்டுபோய்ச் சேர்க்க நான் முனையவில்லை. அந்த உற்சாகம் நம்மவர்க்கு ஏற்கெனவே மிகுதி. ஆனால் பெயர்ச்சிக் கொள்கை தன் சுமையை இன்னும் சுமக்கவில்லை. பிரேயின் தொகுதியில் சிந்தி முதலிய இந்தோ-ஆரியச் சொற்களும் உள்ளன. அவற்றில் பலூச்சி வழி வந்தவை எவை, பலூச்சிக்கு முன்பே நேரடியாகப் புகுந்தவை எவை என்று ஒலிவரலாறு கொண்டு பிரித்தால், வாதம் இன்மையை விட்டு இருப்பின்மேல் நிற்கும்.